எட்டு பெஞ்சும் ஒரு குழியும்

முற்றம் திறந்து மூன்று வாரம் ஆகியும் எட்டு பெஞ்சுகளிலும் புறாக்கள்தான் உட்கார்ந்திருந்தன. திறப்பு விழா அன்று மட்டும் நிற்க இடமில்லாத கூட்டம். துறைத்தலைவர் பேசினார், நகரசபைக்காரர் பேசினார், தட்டிலிருந்த எம்பனாதா என்ற கறிச் சோமாசி தீர்ந்ததும் கூட்டமும் கலைந்தது. அதற்குப் பிறகு சால்ட்டோ நகரத்தில் ஒரு மனுஷன் மனுஷி அந்தப் பெஞ்சுகளில் குண்டியை வைக்கவில்லை.

இத்தனைக்கும் அது லேசுப்பட்ட இடமல்ல. முன்பு அங்கே போச்சாஸ் கிளப்பின் மைதானம் இருந்தது. மரப்பந்துகளை மண்ணில் உருட்டி, எவன் பந்து குட்டிப்பந்துக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று நாலு பேர் குனிந்து நூல் பிடித்து அளந்து, அளந்ததற்கும் சண்டை போடுகிற இடம். கிளப்பில் ஆட்கள் தேய்ந்து பதினோரு பேர் ஆனதும், மைதானத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். ஒரே நிபந்தனை. ஊர்ப் பெரியவர்களும் படிக்கிற பிள்ளைகளும் ஒன்றாக உட்காரும் இடமாக அது இருக்க வேண்டும். கட்டடக்கலைப் பிள்ளைகள் இரண்டு வருஷம் வரைந்தார்கள். சரிவுப்பாதை போட்டார்கள், கைப்பிடி வைத்தார்கள், நிழல் மரத்தை வெட்டாமல் விட்டார்கள். உட்கார ஆள் மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்று கண்டுபிடிக்கும் வேலை ஒஃபேலியாவுக்குக் கிடைத்தது. கிடைத்தது என்ன, அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். எழுபது வயது. முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சுக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தவள். அடுத்தவர் சமாசாரம் தெரியாவிட்டால் அவளுக்குத் தண்ணீர் இறங்காது. செவ்வாயும் வியாழனும் அறுபது தாண்டியவர்களுக்கான சரித்திர வகுப்புக்கு வருவாள். படிக்கிற சரித்திரத்தைவிடப் பக்கத்தில் இருப்பவர்களின் சரித்திரத்தில்தான் அவளுக்கு அக்கறை என்று வகுப்பே கேலி செய்யும்.

கடைசி வருஷம் படிக்கும் லூஹான் என்ற பெண் அவளிடம் ஒரு கட்டுத் தாள் கொடுத்திருந்தாள். அதில் நாலு கட்டம். யார், எங்கே, எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார். வகுப்பு முடிந்ததும் ஒஃபேலியா வீட்டிலிருந்து கொண்டுவந்த மடக்கு நாற்காலியை மர நிழலில் விரித்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு காவல் இருப்பாள்.

"தோன்யா ஒஃபேலியா, இன்னைக்கு எத்தனை பேரு?" என்று பெரியவர்களை விளிக்கும் மரியாதையோடு கேட்டாள் லூஹான்.

"ரெண்டு. ஒருத்தன் ஷூ லேஸ் கட்ட உக்காந்தான். இன்னொண்ணு நாய்."

"நாயையுமா எழுதினீங்க?"

"யாருன்னுதானே போட்டிருக்க? மனுஷன்னு போடலியே. பதினோரு நிமிஷம் படுத்திருந்துச்சு. அதுக்காவது உன் பெஞ்சு புடிச்சிருக்கேன்னு சந்தோஷப்படு."

லூஹானின் முகம் தொங்கிவிட்டது. மூன்றாவது பெஞ்சும் நாலாவது பெஞ்சும் அவள் கைப்பட வரைந்தவை. "புஸ்தகத்துல இருக்கிற மாதிரிதான் எல்லாம் செஞ்சோம். முட்டி வலிக்காத உயரம், முதுகுக்குச் சாய்மானம். எதிரெதிர் பெஞ்சுக்கு நடுவுல எட்டடி. சக்கர நாற்காலி திரும்பணும்ல?"

"திரும்பட்டும்மா, யாரு வேணாங்கிறா. நீங்க பிள்ளைங்க எங்க உக்காருறீங்க, அதச் சொல்லு."

"லைப்ரரிப் படிக்கட்டுல."

"எங்காளுங்க?"

லூஹான் திரும்பிப் பார்த்தாள். வாசல் பக்கத்துக் குட்டைச்சுவரில் ஏழெட்டுப் பேர் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குண்டுக்கல் சுவர். அரை மணி நேரம் உட்கார்ந்தால் எலும்பு வலிக்கும். ஆனாலும் அங்கேதான் உட்கார்ந்தார்கள்.

"அதான் எனக்கும் புரியல. நல்லா சாய்ஞ்சு உக்கார பெஞ்சு கெடக்கு, கல்லுல போயி ஒடுங்குதுங்க. இதுல என்னமோ இருக்கு" என்றாள் ஒஃபேலியா. அவள் கண்ணில் பழைய எக்ஸ்சேஞ்சு வெளிச்சம் வந்திருந்தது.

இந்த ஆராய்ச்சி ஒருபுறம் இருக்க, அவள் மனதில் உறுத்திக்கொண்டிருந்த முள் வேறு. அவள் புருஷன் மில்ட்டன் வீட்டைவிட்டு வெளியே வந்து ஐந்து மாதம் ஆகிறது. மே மாதம் ஒரு காலையில் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய வலது கை பாதியில் நின்றுவிட்டது. கால் திரும்பி வந்தது, பேச்சு திரும்பி வந்தது, கை வரவில்லை. தடியூன்றி நாலு தெரு நடக்கலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவரோ வாசல்படியைத் தாண்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

மகள் கிரிசெல் தலைநகரத்தில் இருந்தாள். வாரத்துக்கு மூன்று தடவை போன் செய்வாள். எடுத்த எடுப்பில் அவள் கேட்பது ஒன்றுதான்.

"அப்பா எங்க?"

"இங்கதான். வீட்டுல."

"இன்னைக்கும் வெளிய போகலையா? அம்மா, நாலு சுவத்துக்குள்ள கெடந்து ஆளு வீணாப் போயிருவாரு. நவம்பர் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா நான் வண்டி எடுத்துட்டு வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்திருவேன். ஒன்பதாவது மாடி, லிஃப்ட் இருக்கு, பக்கத்துலயே ஆஸ்பத்திரி."

"ஒன்பதாவது மாடியில நான் யாருடி கூடப் பேசுவேன்? பருந்து கூடயா?"

கேலியாகச் சொல்லிவிட்டாளே தவிர, போனை வைத்த பிறகும் ஒஃபேலியா அதையே நினைத்துக்கொண்டிருப்பாள். இந்த ஊரில் எந்த வீட்டில் எந்தக் குரல் என்பதுகூட அவளுக்குத் தெரியும். எழுபது வயதில் போய் ஒரு புது ஊரில் ஊமையாக உட்கார அவளுக்குப் பயமாக இருந்தது. மகள் சொல்வதில் நியாயம் இருந்ததுதான் அதைவிடப் பயம்.

மில்ட்டன் ஆரஞ்சு பேக்கிங் ஷெட்டில் மேஸ்திரியாக இருந்தவர். அந்த ஷிஃப்டுக்கும் சரி, போச்சாஸ் கிளப்புக்கும் சரி, மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீரை ஊற்றுகிறவர் அவர்தான். ஒரே சுரைக்குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், பத்துப் பேர் வாய். ஊற்றுகிறவன் ஒருத்தன். இலை கருகாமல் வெந்நீரை ஓரமாக இறக்கி, ஒருத்தர் குடித்து முடித்ததும் திருப்பி வாங்கி, மறுபடி ஊற்றி அடுத்தவருக்கு நீட்டி, சுற்று நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு இடது கையில் குடுவை வேண்டும், வலது கையில் பிளாஸ்க் வேண்டும். முப்பது வருஷம் ஊருக்கே ஊற்றியவர், இப்போது பெண்டாட்டி ஊற்றிக் கொடுப்பதை ஜன்னலைச் சாத்திவிட்டுக் குடித்தார்.

அன்று மத்தியானம் மாட்டெலும்பும் பூசணியும் சோளமும் போட்ட குழம்பு. ஒஃபேலியா தட்டுகளை எடுத்துவிட்டு, மில்ட்டனின் பழைய அளவு நாடாவைத் தேடி எடுத்தாள். சமையலறையில் எதிரெதிராக இரண்டு நாற்காலியைப் போட்டு நடுவே எட்டடி அளந்தாள். மேஜையைச் சுவரோரம் தள்ள வேண்டியிருந்தது.

"என்னடி சர்க்கஸ் இது?"

"பேசாம அங்க உக்காருய்யா. இந்தா மாத்தே. வாங்கு."

மில்ட்டன் இடது கையை நீட்டினார். அவள் தன் கையை நீட்டினாள். நடுவே இரண்டரை அடி காற்றுதான் இருந்தது.

"எந்திரிச்சு வந்து குடேன்."

"எந்திரிச்சா திரும்ப உக்காரணும். நீ குடிச்சதும் வாங்க ஒருக்கா எந்திரிக்கணும். எட்டுப் பேருக்கு எத்தன தடவை? என் முட்டி என்ன கோயில் மணியா, இழுத்து இழுத்து விடுறதுக்கு?"

"எந்த மடையன் இப்படி நாற்காலி போட்டது?"

"பல்கலைக்கழகம். உன் மைதானத்துல."

மில்ட்டன் குனிந்து இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே கிடந்த வெற்றுத் தரையைப் பார்த்தார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

"உக்காந்து பாத்திருக்க மாட்டானுக. நின்னுக்கிட்டே பாத்திருப்பானுக."

செவ்வாய்க்கிழமை ஒஃபேலியா இதை அப்படியே கேட்டபோது லூஹான் வாயைப் பிளந்தாள். "ஆமா தோன்யா! பெஞ்சு வர்றதுக்கு முன்னாடி தரையில சுண்ணாம்புல கோடு போட்டு ஒரு மத்தியானம் பூரா சரிபாத்தோம். பன்னெண்டு பேரு. எல்லார் கக்கத்துலயும் பிளாஸ்க். கோட்டுக்குள்ள நின்னுக்கிட்டு மாத்தே சுத்தி வந்துக்கிட்டே இருந்துச்சு. இடம்னா இதான் இடம்னு எங்க வாத்தியாரம்மாவே சொன்னாங்க." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "ஒருத்தர்கூட உக்காரல."

"கைக்கு எட்டாத எடத்துல எவ உக்காருவா? அதான் படிக்கட்டுலயும் கல்லுலயும் ஒட்டிக்கிட்டுக் கெடக்குறோம்."

லூஹான் முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஸ்பேனரும் இரண்டு ஆளும் தேடி ஓடினாள். வாத்தியாரம்மா ஒரு ஜோடிப் பெஞ்சுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். போல்ட்டைக் கழற்றி, முட்டியும் முட்டியும் உரசாத அளவுக்கு நெருக்கிப் போட்டார்கள். சக்கர நாற்காலிக்கு வெளிப்பக்கம் வழி விட்டார்கள். மறுநாளே ஒன்றில் மூன்று பெரியவர்களும் எதிரே நாலு மாணவர்களும் உட்கார்ந்தார்கள். ஒஃபேலியா நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். ஆனால் பெரியவர்கள் தங்கள் குடுவையைத் தங்களுக்குள் சுற்றிக்கொண்டார்கள், பிள்ளைகள் தங்கள் குடுவையைத் தங்களுக்குள். முட்டிக்கு எதிரே முட்டி இருந்தும் ஒரு வார்த்தை இல்லை. இது என்ன விசித்திரம் என்று அவளுக்கு மண்டை குடைந்தது.

அக்டோபர் கடைசியில் ஒரு வியாழன். வாத்தியாருக்குக் காய்ச்சல், வகுப்பு இல்லை. ஒஃபேலியா சீக்கிரமே திரும்பினாள். வெயிலுக்குப் பயந்து கொல்லைப்புறமாக வந்தவள், சமையலறை ஜன்னலில் மில்ட்டனைப் பார்த்து நின்றுவிட்டாள்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, எனாமல் குவளை ஒன்றை முட்டிகளுக்கிடையே இறுக்கியிருந்தார். குவளைக்குள் ஒரு காலுறையைத் திணித்து, அதன்மேல் சுரைக்குடுவையை ஆடாமல் நிற்க வைத்திருந்தார். இடது கையால் பிளாஸ்க்கைத் தூக்கினார். வெந்நீர் குடுவையின் ஓரத்தைத் தாண்டி முட்டியில் விழுந்தது. பல்லைக் கடித்தார், சத்தம் போடவில்லை. கால்சட்டையில் ஏற்கனவே பச்சைக் கறைகள் காய்ந்திருந்தன. பிளாஸ்க்கைக் கீழே வைத்தார், மூச்சு விட்டார், மறுபடி தூக்கினார். இந்த முறை தண்ணீர் மெல்லிய கோடாக இலைக்குள் இறங்கியது.

ஒஃபேலியாவுக்கு உள்ளே ஓடிப்போய் அவர் தலையைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அப்படிச் செய்தால் அவர் அந்தக் குவளையை இனித் தொடவே மாட்டார் என்பதும் தெரிந்தது. சத்தமில்லாமல் தெருமுனை வரை திரும்பிப் போய், பக்கத்து வீட்டு நாயை வேண்டுமென்றே திட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்தாள். அவள் உள்ளே நுழைந்தபோது குவளை கொக்கியில் தொங்கியது, காலுறை காலில் இருந்தது.

எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் அவள் எத்தனையோ கேட்டிருக்கிறாள். யாருக்கு யாரோடு தொடுப்பு, எந்தக் கம்பெனி திவால், எந்தக் கல்யாணம் நின்றது. ஒன்றைக்கூட வெளியே விட்டதில்லை. அதில் அவளுக்குக் கர்வமே உண்டு. அப்படிப்பட்டவள் செவ்வாய்க்கிழமை லூஹானைப் பார்த்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். குவளை, காலுறை, முட்டியில் விழுந்த வெந்நீர் எல்லாம்.

லூஹான் அன்று மாலையே வரைந்துவிட்டாள். நெருக்கிப் போட்ட பெஞ்சுகளுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு நீளப் பலகை. பலகையில் சுரைக்குடுவை உட்காரும் அளவுக்குக் குழி. ஒற்றைக் கையால் ஊற்றலாம். யாருக்கும் குறை இருக்கக் கூடாது என்று தாராளமாக நாலு குழி போட்டாள். படத்தைப் பத்துப் பிரதி எடுத்துப் போச்சாஸ் கிளப்பின் பழைய உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்கக் கொடுத்தபோது, யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது.

மறுநாள் காலை பழைய கூட்டாளி வால்ட்டர் அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு நேராக மில்ட்டன் வீட்டுக்கு வந்தார். வால்ட்டருக்கு மனதில் கள்ளம் கிடையாது, வாயில் பூட்டும் கிடையாது.

"பாத்தியா மில்ட்டன், பல்கலைக்கழகத்துலயே உனக்குக் குழி வெட்டப் போறாங்களாம்! ஒத்தக் கைக்காரனுக்குன்னே கண்டுபுடிச்சது. நீ குவளையில வச்சு ஊத்திப் பழகுறதப் பாத்து ஒஃபேலியாதான் சொன்னாளாமே?"

அடுப்பருகே நின்ற ஒஃபேலியா கரண்டியைக் கீழே வைத்தாள். வால்ட்டர் போனதும் மில்ட்டன் அவள் பக்கம் திரும்பினார்.

"ஜன்னல்ல நின்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு ஊரெல்லாம் போன் போட்டியாக்கும்?"

"ஒருத்திகிட்டதான்யா சொன்னேன். நல்லதுக்குத்தான்..."

"முப்பத்தோரு வருஷம் ஊரான் ரகசியத்த எல்லாம் காப்பாத்துன. என்னுது ஒண்ணு இருந்துச்சு. அத வச்சுக்க முடியல உனக்கு." அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் அவளைக் கொன்றது. "கிரிசெல்ட்ட வண்டிய எடுத்துட்டு வரச் சொல்லு. இந்த ஊர்ல இனி எவன் மூஞ்சியில முழிக்கிறது?"

அழுதாள். மன்னிப்புக் கேட்டாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு மேல் அந்த வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும்தான். கிரிசெலிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. எப்படியும் மாதக் கடைசியில் வண்டி வந்துவிடும். வால்ட்டர் விட்டுப்போன படம் மட்டும் மேஜையில் கிடந்தது. அவள் அதைக் கிழித்துப் போட நினைத்துக் கை வைத்தபோது, "கெடக்கட்டும்" என்றார் மில்ட்டன். இரண்டு வாரத்தில் அவர் பேசிய ஒரே வார்த்தை அது.

நவம்பர் இருபத்தைந்து. கடைசிக் கணக்கெடுப்பு. பலகை வந்து பத்து நாள் ஆகியிருந்தது. நாலு குழியிலும் நாலு குடுவை. இந்தப் பக்கம் வால்ட்டர் முதலான பெரியவர்கள், அந்தப் பக்கம் பிள்ளைகள். அவரவர் குழி, அவரவர் கூட்டம். லூஹான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒஃபேலியா தாளை மடியில் வைத்திருந்தாளே தவிர, எழுத மனம் ஓடவில்லை. இன்னும் ஐந்து நாள். வீட்டில் எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

நாலே முக்கால் இருக்கும். சரிவுப்பாதையில் டொக் டொக்கென்று தடிச் சத்தம். நிமிர்ந்தவள் பேனாவைக் கீழே போட்டுவிட்டாள்.

மில்ட்டன் வந்துகொண்டிருந்தார். சட்டைப் பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கழுத்தில் ஒரு துணிப்பை. முகம் சிவந்து வியர்த்து, சண்டைக்கு வருகிறவர் முகமாக இருந்தது. ஒஃபேலியாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பலகையின் முன்னால் போய் நின்றார்.

"இத வரைஞ்சது யாரு?"

"நான்தான் தோன் மில்ட்டன். லூஹான்." அந்தப் பெண் ஒரு அடி முன்னால் வந்தாள். "உங்களக் கேக்காம உங்க விஷயத்த வரைஞ்சது தப்பு. என்ன..."

"அத அப்புறம் பேசுவோம். இது என்ன, நாலு குழி?"

"எல்லாருக்கும் போதணும்னு..."

"போதணுமா? நாலு குழின்னா நாலு கூட்டம். ரெண்டு வாரமா இந்தப் படத்தப் பாத்துப் பாத்து எனக்கு மண்ட சூடாயிருச்சு. எவனாவது நாலு குடுவை வச்சு மாத்தே குடிப்பானா? ஒருத்தனுக்கு ஒருத்தன் காத்துக் கெடந்தாத்தானே பேச்சு வரும்? கையில எப்பவும் குடுவை இருந்தா வாய் எதுக்குத் தொறக்கப் போகுது?"

தடியைப் பெஞ்சில் சாய்த்துவிட்டுத் துணிப்பைக்குள் கையை விட்டார். ஒரு ஆரஞ்சை எடுத்தார். வால்ட்டரின் குழியிலிருந்த குடுவையைத் தூக்கி வால்ட்டர் மடியில் வைத்துவிட்டு, குழியில் ஆரஞ்சை அமுக்கி வைத்தார். அது கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த குழிக்கு அடுத்த ஆரஞ்சு. மூன்றாவதுக்கு மூன்றாவது. பிள்ளைகள் தங்கள் குடுவைகளைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரே ஒரு குழியில் லூஹானின் குடுவை மட்டும் மிஞ்சியது.

"ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு போதும்" என்றார்.

எல்லோரும் அந்த ஒரு குடுவையைப் பார்த்தார்கள். லூஹான் கேலியோ கிண்டலோ இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டித்தான் கேட்டாள்.

"சரி. ஒரு குழின்னா, ஊத்துறது யாரு?"

குழிக்கெல்லாம் கணக்குப் போட்டவர் இதற்குக் கணக்குப் போடவில்லை என்பது மில்ட்டன் முகத்தில் அப்படியே தெரிந்தது. வால்ட்டர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். ஒஃபேலியா எழுந்துவிட்டாள். ஓடிப்போய் நான் ஊற்றுகிறேன் என்று சொல்லக் கால் பரபரத்தது. இந்த முறை தன்னைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

மில்ட்டன் பலகையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். லூஹானின் குடுவைக்குள் எட்டிப் பார்த்தார்.

"இலையா இது? வைக்கப்போரு மாதிரி அடைச்சு வச்சிருக்க. பிளாஸ்க்கக் குடு. நகருங்கடா, வெந்நி."

இடது கை பிளாஸ்க்கைத் தூக்கியது. கொஞ்சம் பலகையில் சிந்தியது. பிறகு தண்ணீர் மெல்லிய கோடாக இலையின் ஓரத்தில் இறங்கி, மேலே பச்சை நுரை கட்டியது. முதல் குடுவை ஊற்றுகிறவனுக்கு. உறிஞ்சினார். முகத்தைச் சுளித்தார். மறுபடி ஊற்றி லூஹானிடம் நீட்டினார். கை எட்டியது.

"கசக்குது தோன் மில்ட்டன்."

"கசக்கும். குடி. உனக்கு அடுத்து அந்தத் தாடிக்காரப் பய. எந்த ஊருடா நீ? யாரு மகன்? அவன் குடிச்சதும் வால்ட்டரு. இல்ல, வால்ட்டரு கடைசி. அவனுக்கு வாய் ஜாஸ்தி, கொஞ்சம் காத்துக் கெடக்கட்டும்."

ஒரு சிரிப்பு எழுந்தது. தாடிக்காரன் ஊரைச் சொன்னான், தாத்தா பெயரைச் சொன்னான். அந்தத் தாத்தா பேக்கிங் ஷெட்டில் வேலை பார்த்தவராம். "அந்தப் பெட்டி தூக்குறவனா! பொய் பேசுனா காது சிவக்குமே அவனுக்கு" என்றார் மில்ட்டன். எல்லோரும் அந்தப் பையனின் காதைப் பார்த்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது.

மூன்றாவது சுற்று வரும்போது, குடுவையை ஊற்றிக் கையில் வைத்துக்கொண்டு மில்ட்டன் தலையைத் திருப்பினார். மர நிழலில் இருந்தவளை அப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஏ ஒஃபேலியா. அங்க உக்காந்து ஒட்டுக் கேக்காத. வந்து முன்னாடி உக்காந்து கேளு."

போகத்தான் எழுந்தாள். அதற்குள் கைப்பையில் இருந்த போன் அடித்தது. கிரிசெல்.

"அம்மா, மாசக் கடைசி வந்துருச்சு. சனிக்கிழமை வண்டி எடுத்துட்டு வரட்டுமா? அப்பா எங்க?"

எக்ஸ்சேஞ்சில் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது அவள் சொல்லியிருப்பாள், அவர் வீட்டில் இல்லையாம் என்று. மறுமுனையில் குரல் சுருங்குவதைக் கேட்கும்போதெல்லாம் பாவமாக இருக்கும்.

"அம்மா? கேக்குதா? அப்பா எங்க?"

"உங்கப்பா வீட்டுல இல்லடி" என்றாள் ஒஃபேலியா. சொல்லிவிட்டு, இன்னொரு தடவை சொல்ல வேண்டும் போலிருந்தது. "வீட்டுல இல்ல."